மார்பகச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நோவு: முன்கூட்டியே கேட்க வேண்டிய ஓர் ஊசி

பாலமுனையில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால் அவளுடைய பாதை பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. பல நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பாள். பிறகு ராத்தாவிடமோ மச்சியிடமோ சொல்வாள். வெல் வுமன் கிளினிக்குக்கோ பக்கத்து வைத்தியசாலைக்கோ போவாள். அங்கிருந்து அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று கடிதம் கைமாறும். சிலருக்கு இரவு பஸ்ஸில் மஹரகம வரை போக வேண்டி வரும். ஸ்கேன், மாமோகிராம், ஊசியால் எடுக்கும் சதைப் பரிசோதனை எல்லாம் முடிந்து சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும்போது அந்தக் குடும்பம் பாதி களைத்திருக்கும்.

இந்தப் பாதை நெடுகிலும் பல கேள்விகள் கேட்கப்படுகின்றன. கட்டி பரவியிருக்கிறதா? மார்பை முழுவதும் எடுக்க வேண்டுமா? கீமோ எத்தனை தடவை? முடி கொட்டுமா? பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆனால் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை: "வெட்டிய பிறகு வரும் நோவுக்கு என்ன செய்வீர்கள்?"

நோவு வரத்தான் செய்யும், அதைத் தாங்கத்தான் வேண்டும் என்று நாம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விடுகிறோம். போரைக் கண்ட ஊர்களில் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமானது. கால் போனவர், பிள்ளையை இழந்தவர், சுனாமியில் வீடே போனவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு தழும்பின் நோவைப் பற்றிப் பேசுவது வெட்கமாகத் தெரிகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் நோவைப் பெருமளவு குறைக்கக்கூடிய ஊசி முறை ஒன்று இருக்கிறது. நரம்புத் தடை ஊசி என்று அதைச் சொல்லலாம். வைத்தியசாலைப் பேச்சில் அது 'புளொக்'. அது என்ன, எதைச் செய்யும், எதைச் செய்யாது, எப்போது கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தால், கேட்பது இலகுவாகும்.

ஏன் இவ்வளவு நோகிறது?

இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அதற்கான சிகிச்சையில் சத்திரசிகிச்சை பெரும்பாலும் ஒரு முக்கிய கட்டம். சிலருக்குக் கட்டியையும் அதைச் சுற்றிய சதையையும் மட்டும் எடுப்பார்கள். சிலருக்கு மார்பகம் முழுவதையும் எடுப்பார்கள். நோய் அக்குள் வரை வந்திருக்கிறதா என்று பார்க்க அங்குள்ள நிணநீர்க் கணுக்களில் சிலவற்றையோ பலவற்றையோ எடுப்பதும் உண்டு. அக்குளில் நெறி கட்டுகிறது என்று நாம் சொல்வது இந்தக் கணுக்கள் வீங்குவதைத்தான்.

மார்புக்கும் அக்குளுக்கும் உணர்வு தரும் நரம்புகள் முதுகெலும்பிலிருந்து வருகின்றன. நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளுக்கு இடையிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு விலா எலும்பின் கீழும் ஓடி, முன்பக்கம் வந்து தோலை அடைகின்றன. மார்பகத்துக்கு முக்கியமானவை இரண்டாவது முதல் ஆறாவது வரையான விலாவிடை நரம்புகள். இரண்டாவது நரம்பின் ஒரு கிளை அக்குளைக் கடந்து கையின் உட்புறத்துக்குப் போகிறது. அக்குள் கணுக்களை எடுக்கும்போது இந்தக் கிளை இழுபடலாம், நசியலாம், சில வேளை வெட்டுப்படவும் செய்யலாம். சத்திரசிகிச்சை முடிந்த பல பெண்கள் "கையின் உள்பக்கம் மரத்துப் போச்சு", "சட்டை பட்டாலே எரியுது" என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே இந்த நோவு இரண்டு வகை. ஒன்று, வெட்டிய இடத்தின் நோவு. காயம் ஆற ஆற அது குறையும். மற்றது, காயப்பட்ட நரம்பின் நோவு. காயம் ஆறிய பிறகும் எரிவாகவும், குத்தாகவும், கரண்ட் அடிப்பது போலவும் அது தொடரலாம்.

ஆறிய பிறகும் ஆறாத நோவு

இந்த இரண்டாவது வகை அரிதானதல்ல. டென்மார்க் முழுவதிலும் மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 3,000க்கு மேற்பட்ட பெண்களிடம், 2 முதல் 3 ஆண்டுகள் கழித்து விசாரித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 47 சதவீதமானோர் அப்போதும் ஏதோ ஓர் அளவில் நோவோடு இருந்தார்கள். அந்த நோவுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இலேசானது. 13 சதவீதமானோருக்குக் கடுமையானது. இளவயதுப் பெண்களுக்கும், அக்குள் கணுக்கள் முழுமையாக எடுக்கப்பட்டவர்களுக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இது அதிகம் என்று அந்த ஆய்வு கண்டது. சத்திரசிகிச்சை முடிந்த முதல் நாட்களில் நோவு கடுமையாக இருப்பதும் பின்னாளில் நோவு தங்கிவிடுவதற்கான ஓர் அறிகுறியாக வேறு ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எடுக்கப்பட்ட மார்பு இன்னும் இருப்பது போலவும், அதில் அரிப்போ நோவோ எடுப்பது போலவும் சில பெண்களுக்குத் தோன்றும். இதைச் சொன்னால் 'புத்தி பேதலித்து விட்டது' என்று நினைப்பார்கள் எனப் பயந்து பலர் சொல்வதில்லை. மிதிவெடியில் கால் இழந்தவர்கள் உள்ள ஊரில் இது புதிய செய்தியாக இருக்கத் தேவையில்லை. இல்லாத காலின் விரல் நோகிறது என்று அவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த சைலஸ் வியர் மிட்செல் என்ற வைத்தியர்தான் 1871இல் இந்த உணர்வுக்கு ஒரு பெயர் வைத்து எழுதினார். வெட்டுப்பட்ட நரம்பும், அதிலிருந்து செய்தி பெற்றுப் பழகிய மூளையும் சேர்ந்து உண்டாக்கும் நோவு அது. காலுக்கு நடப்பது மார்புக்கும் நடக்கிறது.

புளொக் என்றால் என்ன?

பல் பிடுங்கும்போது பல் வைத்தியர் போடும் ஊசியை எல்லோருக்கும் தெரியும். தாடை விறைத்துவிடும், ஆள் விழித்திருப்பார், பல் வெளியே வந்துவிடும். புளொக்கின் அடிப்படையும் அதுதான். நோவுச் செய்தியைக் கொண்டு போகும் நரம்பின் அருகே விறைப்பு மருந்தைச் செலுத்தினால், அந்த நரம்பு சில மணி நேரம் செய்தி அனுப்பாது. காயம் இருக்கும், அதன் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது.

இந்த எண்ணம் பழையது. 1884இல் கார்ல் கொல்லர் என்ற இளம் வைத்தியர் கண்ணில் கொக்கெய்ன் சொட்டுவிட்டு நோவில்லாமல் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று காட்டினார். அதே ஆண்டிலேயே நியூயோர்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அந்த மருந்தை நரம்புகளின் அருகே ஊசியால் செலுத்திப் பார்த்தார். தன் உடம்பிலும் சகாக்கள் உடம்பிலும் பரீட்சித்ததில் அவர் கொக்கெய்னுக்கு அடிமையானார். மார்பகத்தையும் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குள் கணுக்களையும் சேர்த்து அகற்றும் பெரிய சத்திரசிகிச்சையை உலகெங்கும் பரவச் செய்தவரும் இதே ஹால்ஸ்டெட்தான். மார்பகச் சத்திரசிகிச்சையும் நரம்புத் தடையும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. ஆனாலும் இரண்டும் வழக்கமாக ஒன்று சேர ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அதற்குக் காரணம், ஊசி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடியாமல் இருந்தது. முதுகெலும்பின் பக்கத்தில் ஊசி போட்டு நெஞ்சு நரம்புகளை விறைக்கச் செய்யும் முறையை 1905இல் ஜெர்மனியில் ஹூகோ செல்ஹைம் செய்தார். பின்னர் அது பெரிதும் மறக்கப்பட்டு, 1979இல்தான் மறுபடி பேசப்பட்டது. நுரையீரலுக்கு மிக அருகில் கையுணர்வை மட்டும் நம்பி ஊசி செலுத்த வேண்டியிருந்ததால் பலர் தயங்கினார்கள். கர்ப்பிணிகளுக்குப் பிள்ளையைப் பார்க்கப் பயன்படும் அதே வகை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இந்த நிலையை மாற்றியது. இப்போது தசை, விலா எலும்பு, நுரையீரலின் உறை, ஊசியின் முனை எல்லாவற்றையும் திரையில் பார்த்தபடி மருந்தைச் செலுத்தலாம்.

எத்தனை வகை?

மார்பகச் சத்திரசிகிச்சைக்கு இன்று முக்கியமாக நான்கு வகை புளொக்குகள் பயன்படுகின்றன.

பரவெட்டிபிரல் புளொக்: முதுகெலும்பின் பக்கத்தில், நரம்பு வெளியே வரும் இடத்திலேயே மருந்து செலுத்தப்படும். ஊற்றுக்கண்ணில் அடைப்பது போல. நன்றாக வேலை செய்யும். ஆனால் ஆழமான இடம். நுரையீரல் உறை மிக அருகில். பழகிய கை வேண்டும்.

பெக்ஸ் புளொக்: முன்நெஞ்சில், கொலர் எலும்புக்குக் கீழே, மார்பகத்தின் பின்னாலுள்ள தசைகளின் இடைவெளிகளில் மருந்து செலுத்தப்படும். ரஃபாயேல் பிளாங்கோ என்ற மயக்க மருந்து நிபுணர் இதன் முதல் வடிவத்தை 2011இலும் இரண்டாவது வடிவத்தை 2012இலும் வெளியிட்டார். இரண்டாவது வடிவம் அக்குள் பகுதியையும் ஓரளவு மூடுகிறது.

செரட்டஸ் புளொக்: நெஞ்சின் பக்கவாட்டில், விலா எலும்பின் மேல் படிந்திருக்கும் தசையின் மேலோ கீழோ செலுத்தப்படும். இதையும் பிளாங்கோவின் குழுதான் 2013இல் எழுதியது.

எரெக்டர் ஸ்பைனே புளொக்: முதுகை நிமிர்த்தி வைக்கும் தசைக்கு அடியில், முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சியின் மேல் செலுத்தப்படும். 2016இல் கனடாவில் உள்ளவர்களின் குழு முதலில் விவரித்தது. நுரையீரலிலிருந்து சற்று விலகிய இடம் என்பதால் பலர் இதை விரும்புகிறார்கள்.

எது பொருத்தம் என்பதை நோயாளி தெரிவு செய்யத் தேவையில்லை. சத்திரசிகிச்சையின் அளவு, நோயாளியின் உடல்நிலை, அந்த மயக்க மருந்து நிபுணரின் பழக்கம் மூன்றையும் வைத்துத்தான் அது முடிவாகும். மார்பகச் சத்திரசிகிச்சையின் நோவைக் கையாள்வது பற்றி 2020இல் வெளியான புரொஸ்பெக்ட் என்ற சர்வதேச வழிகாட்டி, பெரிய சத்திரசிகிச்சைகளுக்குப் பரவெட்டிபிரல் புளொக்கை முதல் தெரிவாகவும், பெக்ஸ் புளொக்கை அதற்கு மாற்றாகவும் சொல்கிறது. அதே வழிகாட்டி பரசிட்டமோலையும் வீக்கம் தணிக்கும் மாத்திரைகளையும் எல்லோருக்குமான அடிப்படையாக வைக்கிறது. புளொக் என்பது மாத்திரைகளுக்குப் பதில் அல்ல. அவற்றோடு சேரும் ஒன்று.

அந்த நாளில் என்ன நடக்கும்?

சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்துப் பிரிவினர் நோயாளியைப் பார்ப்பார்கள். வழக்கமாக உணவை 6 மணி நேரத்துக்கு முன்னும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்தச் சொல்வார்கள். வார்டில் சொல்லும் நேரத்தைக் கடைப்பிடியுங்கள்.

தியேட்டருக்குள் போனதும் கையில் ஊசிக் குழாய் போடுவார்கள். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஒட்சிசன் அளவு காட்டும் கருவிகளை இணைப்பார்கள். முன்நெஞ்சில் போடும் புளொக்கைப் பெரும்பாலும் நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்திய பிறகு போடுவார்கள். முதுகில் போடுவதைச் சில இடங்களில் நோயாளி உட்கார்ந்து விழித்திருக்கும்போதே, தோலை விறைக்க வைத்துவிட்டுப் போடுவார்கள். அழுத்துவது போன்ற உணர்வு இருக்கும். பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை முழு மயக்கத்தில்தான் நடக்கும். இதயம் அல்லது நுரையீரல் பலவீனமாக இருந்து முழு மயக்கம் ஆபத்தாகும் சிலருக்கு, புளொக்கையும் இலேசான தூக்க மருந்தையும் மட்டும் கொண்டு சத்திரசிகிச்சை செய்வதும் உண்டு.

நம் பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு கவலை, உடம்பு திறந்திருப்பது பற்றியது. தியேட்டரில் தேவையான இடத்தைத் தவிர மற்றதைத் துணியால் மூடுவது வழக்கம். பெண் தாதி ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்றோ, ஊசி போடும் நேரம்வரை தலையை மூடியிருக்க விரும்புகிறேன் என்றோ முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. முதல் நாளே, வார்டிலேயே கேட்டால் ஏற்பாடு செய்வது அவர்களுக்கும் சுலபம்.

எதைச் செய்யும், எதைச் செய்யாது?

புளொக் நன்றாக அமைந்தால் முதல் நாளின் நோவு கணிசமாகக் குறையும். மோர்பின் போன்ற கடும் மருந்துகளின் தேவை குறையும். அவற்றோடு வரும் வாந்தியும் அரைமயக்கமும் அதனால் குறையும். நோவு குறைந்தவர் சீக்கிரம் எழுந்து நடப்பார். ஆழமாக மூச்சு எடுப்பார். கையைத் தூக்கிப் பழகுவார். அக்குள் கணுக்கள் எடுக்கப்பட்ட பெண்களுக்கு இந்தக் கைப்பயிற்சி மிக முக்கியம். நோவுக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். பிறகு தலை வாருவதும் கொடியில் உடுப்புப் போடுவதும்கூடச் சிரமமாகும்.

ஆனால் ஒரு தடவை போடும் ஊசியின் பலன் நிரந்தரமல்ல. மருந்தையும் அளவையும் பொறுத்துச் சுமார் 8 மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை நீடிக்கும். சில இடங்களில் மெல்லிய குழாய் ஒன்றை விட்டுவைத்து மருந்தைத் தொடர்ந்து செலுத்துவார்கள்.

நீண்டகால நோவைப் புளொக் தடுக்குமா? இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பல சிறிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஓரளவு குறைகிறது என்று தெரிந்தது. ஆனால் 2019இல் லான்செட் இதழில் வெளியான பெரிய ஆய்வு அப்படிக் காணவில்லை. 8 நாடுகளின் 13 வைத்தியசாலைகளில் 2,100க்கு மேற்பட்ட பெண்கள் அதில் பங்குகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு நரம்புத் தடை முறை; மற்றவர்களுக்கு வழக்கமான வாயு மயக்கமும் மோர்பின் வகை மருந்தும். 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் தழும்பு நோவு இரு தரப்பிலும் ஏறக்குறைய சமம். அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி வேறு: நரம்புத் தடை புற்றுநோய் திரும்பி வருவதைக் குறைக்குமா? அதற்கும் விடை இல்லை என்பதே. இரு தரப்பிலும் 10 சதவீதமானோருக்கு நோய் திரும்பி வந்தது. ஆகவே 'இந்த ஊசி போட்டால் புற்றுநோய் திரும்பாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புளொக்கைக் கேட்பதற்கு முதல் நாளின் நோவே போதுமான காரணம்.

இங்கே குழப்பம் வரக்கூடிய இன்னொரு செய்தியும் உண்டு. மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையின் ராஜேந்திர பட்வே தலைமையில் இந்தியாவின் 11 மருத்துவ நிலையங்களில் ஏறத்தாழ 1,600 பெண்களிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. கட்டியை வெட்டத் தொடங்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி போட்டார்கள். 5 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4 சதவீதம். விலை மலிந்த, எல்லா வைத்தியசாலையிலும் இருக்கும் மருந்து என்பதால் இது உலகெங்கும் கவனிக்கப்பட்டது. ஆனால் இது நரம்புத் தடை அல்ல. மருந்து ஒரே வகையானாலும் இடமும் நோக்கமும் வேறு. இந்த இரண்டு ஆய்வுகளையும் ஒன்றாகக் கலந்து பேசக்கூடாது.

ஆபத்து இல்லையா?

எந்த ஊசிக்கும் ஆபத்து உண்டு. ஊசி போட்ட இடத்தில் இரத்தக் கசிவோ கன்றலோ வரலாம். புளொக் சரியாகப் பிடிக்காமலும் போகலாம். அப்போது மற்ற மருந்துகளைக் கூட்டுவார்கள். பரவெட்டிபிரல் முறையில் அரிதாக நுரையீரல் உறையில் ஊசி பட்டுக் காற்றுக் கசியலாம். சில மணி நேரம் ஒரு கண் இமை தொங்குவது போல ஆகிப் பிறகு தானே சரியாவதும் உண்டு.

எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்கப்படுவது, மருந்து அளவு மீறியோ இரத்தக் குழாய்க்குள் போயோ உடம்பெங்கும் பரவுவது. வாயைச் சுற்றி மரத்தல், நாக்கில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், படபடப்பு என்று தொடங்கி, வலிப்பு, இதயத் துடிப்புத் தடுமாற்றம் வரை போகலாம். அதனால்தான் மருந்தின் அளவை உடல் எடையைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். உதாரணமாகப் புபிவக்கெயினுக்கு ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராம் என்பது பொதுவான உச்ச வரம்பு. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 120 மில்லிகிராம். ஆகவே உங்கள் எடையை வார்டில் சரியாக நிறுக்கச் சொல்லுங்கள், மனக்கணக்கில் சொல்லாதீர்கள். இந்த விஷத்தன்மைக்கு முறிவாகக் கொழுப்புக் கரைசல் ஒன்று இரத்தத்தில் ஏற்றப்படும். விழித்திருக்கும் நேரத்தில் இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

புபிவக்கெயின் என்ற பெயரை நம் வாசகர்கள் முன்பே கேட்டிருக்கலாம். 2023இல் நுவரெலியாவில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார் உயிரிழந்ததை அடுத்து அந்த மருந்தின் ஒரு வகை பாவனையிலிருந்து மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசி விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். இவற்றுக்குப் பிறகு ஊசி என்றாலே மக்கள் பயப்படுவதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. புபிவக்கெயின் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பயன்படும் மருந்து. மருந்தின் தன்மை வேறு, ஒரு நாட்டின் கொள்வனவும் தரக் கட்டுப்பாடும் வேறு. பயம் இருந்தால் அதை மயக்க மருந்து நிபுணரிடம் நேரடியாகச் சொல்லி விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. புளொக் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு.

போர்க்காயம் உள்ளவர்கள் சொல்ல வேண்டியது

நெஞ்சிலோ முதுகிலோ பழைய வெடிச் சிதறல், துப்பாக்கிக் காயம், தீக்காயத் தழும்பு உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். தழும்பேறிய இடத்தில் தசை அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். மருந்து எதிர்பார்த்தபடி பரவாது. உடம்பில் உலோகத் துண்டு இருப்பது எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்பும் தெரிய வேண்டிய விஷயம். இதைச் சொன்னால் 'எப்படிக் காயம் பட்டது, எந்த வருடம்' என்று விசாரணை வருமோ என்ற தயக்கம் பலரிடம் இருக்கிறது. வைத்தியருக்குத் தேவைப்படுவது காயம் எங்கே இருக்கிறது என்பதுதான். யார் சுட்டது என்பதல்ல.

இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்பரின், குளோபிடோகிரெல் போன்ற மருந்துகள், முன்பு ஏதாவது ஊசிக்கு வந்த ஒவ்வாமை, நீரிழிவு, நரம்புத் தளர்ச்சி, முதுகெலும்பு வளைவு ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். மாத்திரைப் பெயர் தெரியாவிட்டால் பெட்டியையே கொண்டு போங்கள்.

புளொக் கிடைக்காவிட்டால்?

புளொக் போட, பயிற்சி பெற்ற நிபுணர், ஸ்கேன் இயந்திரம், பொருத்தமான ஊசி, நேரம் எல்லாம் ஒன்றாக அமைய வேண்டும். நம் நாட்டில் இவை எப்போதும் அமைவதில்லை. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை, மயக்கத்திலிருந்து மீட்கப் பயன்படும் நியோஸ்டிக்மின் என்ற ஒரே ஒரு மருந்து இல்லாமல் வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டியிருந்ததை மறந்திருக்க மாட்டோம்.

புளொக் கிடைக்காவிட்டாலும் கேட்கக்கூடியவை உண்டு. சத்திரசிகிச்சை செய்பவரே காயத்தைத் தைக்கும் முன் அதன் ஓரங்களில் விறைப்பு மருந்து செலுத்தலாம். அதற்கு ஸ்கேன் இயந்திரம் தேவையில்லை. மாத்திரைகளை நோவு வந்த பிறகு கேட்டு வாங்காமல் மணிக்கணக்குப்படி எடுக்கலாம். வளர்ந்த ஒருவருக்கு 500 மில்லிகிராம் பரசிட்டமோல், அதாவது நம் பெனடோல், 2 வில்லைகளை 6 மணிக்கு ஒரு தடவை என்பது வழக்கமான அளவு. நாளொன்றுக்கு 8 வில்லைகளைத் தாண்டக்கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் மிக மெலிந்தவர்களுக்கும் அளவு இன்னும் குறையும். வீக்கம் தணிக்கும் மாத்திரைகள் சிறுநீரக நோயாளிக்கும் வயிற்றுப்புண் உள்ளவருக்கும் ஆகாது; வைத்தியர் எழுதியபடி மட்டுமே எடுக்க வேண்டும். நோன்பு காலத்தில் மருந்தை விட்டுவிட்டு நோவைச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் குற்ற உணர்வு வேண்டாம்.

இரவில் வரும் நோவு

புளொக் போட்டவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது இது. காலையில் சத்திரசிகிச்சை. பகல் முழுக்க நோவில்லை. வந்து பார்த்தவர்களிடம் "ஒன்றும் தெரியல்ல" என்று சிரித்துப் பேசுவார். நோவில்லாததால் மாத்திரையையும் வேண்டாம் என்பார். நள்ளிரவில் மருந்தின் பலன் முடியும். அப்போது நோவு படிப்படியாக வராமல் மொத்தமாக வந்து நிற்கும். வார்டில் விளக்கு அணைந்திருக்கும். ஒரு தாதி பல கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே நோவு இல்லாவிட்டாலும் முதல் நாள் மாத்திரைகளை நேரத்துக்கு எடுக்க வேண்டும். "எத்தனை மணிக்கு இந்த விறைப்பு விடும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விறைப்பு இருக்கும்வரை அந்த இடத்தில் சூடு ஒத்தடம் கொடுக்கக்கூடாது, சுட்டாலும் தெரியாது. திடீரென்று மூச்சு எடுக்கக் கடினம், நெஞ்சில் குத்து, மயக்கம் வந்தால் உடனே தாதியைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம்.

நோவைச் சொல்லும் மொழி

'நோவு எவ்வளவு, பூச்சியம் முதல் பத்து வரை சொல்லுங்கள்' என்று கேட்பார்கள். பூச்சியம் என்றால் நோவே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாதது. வெட்கப்பட்டுக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறையும். எண்ணோடு வகையையும் சொல்லுங்கள். நம் பேச்சில் அதற்குச் சொற்கள் ஏராளம்: குத்துது, உளையுது, எரியுது, கடுக்குது, விறைக்குது, கரண்ட் அடிக்குது. உளைவு என்பது தசையின் நோவாக இருக்கலாம்; எரிவும் கரண்ட் அடிப்பதும் நரம்பின் நோவாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

சிங்களம் பேசப்படும் வார்டில் தமிழ் மட்டும் தெரிந்த பெண்ணுக்கு இது இன்னும் கடினம். "வலி" என்பதற்குச் சிங்களத்தில் "வேதனாவ" என்பார்கள். "ரிதெனவா" என்றால் "நோகுது". இந்த இரண்டு சொல்லையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையில் வைத்திருங்கள். தமிழ் தெரிந்த தாதியோ வைத்தியரோ இருக்கிறாரா என்று முதல் நாளே கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. உங்கள் மொழியில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கையோடு கொண்டு போக வேண்டிய கேள்விகள்

சத்திரசிகிச்சைத் திகதிக்கு முன், மயக்க மருந்துப் பிரிவினர் பார்க்க வரும்போது இவற்றைக் கேட்கலாம்:

1. என் சத்திரசிகிச்சைக்கு நரம்புத் தடை ஊசி, அதாவது புளொக், போட முடியுமா?
2. முடியும் என்றால் எங்கே போடுவீர்கள்? நான் விழித்திருப்பேனா?
3. முடியாது என்றால் காயத்தில் விறைப்பு மருந்து செலுத்துவீர்களா?
4. விறைப்பு எத்தனை மணி நேரம் இருக்கும்? அது விடும் முன் எந்த மாத்திரையை எடுக்க வேண்டும்?
5. இரவில் நோவு கூடினால் யாரிடம் சொல்ல வேண்டும்?
6. கைப்பயிற்சியை எந்த நாளில் தொடங்கலாம்?
7. மூன்று மாதம் கழித்தும் எரிவோ குத்தோ இருந்தால் எந்தக் கிளினிக்குக்கு வர வேண்டும்?

கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். சத்திரசிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் நீடிக்கும் நோவுக்கும் மருந்து உண்டு. நரம்பு நோவுக்கென்றே தனி மாத்திரைகள் இருக்கின்றன. உடற்பயிற்சிச் சிகிச்சை இருக்கிறது. அதோடு, நாள் போகப் போகக் கூடும் நோவு நோய் திரும்பியதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் அதைச் சொல்லாமல் விடுவது இரட்டை நட்டம்.

இந்தக் கேள்விகளை நோயாளியே கேட்க வேண்டும் என்பதில்லை. அன்றைய தினம் அவருக்கு நினைவு பல இடத்தில் இருக்கும். கூடப் போகும் மகளோ, கணவரோ, தம்பியோ இந்தப் பட்டியலை ஒரு கொப்பித் தாளில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போகட்டும். உம்மா நோவை வாய்விட்டுச் சொல்ல மாட்டா என்று தெரிந்த பிள்ளைதான் அவருக்காக அதைக் கேட்க வேண்டும்.